வெள்ளிக்கிழமைப் பழுது

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ ஆணி மிஞ்சிவிட்டது.

அரியரத்தினம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் அவருடைய மடிக்கணினி முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வெளியே தெரிந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஆணி இருந்தது. அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

"என்னப்பா அது?" மனைவி யோகா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை. மேலதிகமா ஒண்டு போட்டு அனுப்பியிருக்கிறாங்கள்."

"கொம்பனிக்காரன் எங்கையப்பா மேலதிகமாப் போடுவான்? பேசாமல் தெரிஞ்ச ஆளிட்டைக் குடுங்கோ எண்டு சொன்னனான்."

"ஆரிட்டைக் குடுக்கிறது?"

யோகா உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரேயொரு பெயர்தான் பதிலாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்வதை எல்லோரும் போன வருடத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எந்த யாழ்ப்பாணத்து வீட்டில் சாவு விழுந்தாலும், சவத்தைப் பொறுப்பெடுக்கும் மலர்ச்சாலைக்கு அடுத்தபடியாக அழைப்பு வருவது டூங்காபியில் இருக்கும் அரியரத்தினத்துக்குத்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, நாலு தேவாரம், பேரப்பிள்ளைகள் புலம்புவதாக ஒரு பாட்டு, எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம். தபால் கந்தோரில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்ற மனிதர், இதைச் சம்பளமில்லாத உத்தியோகமாக வைத்திருந்தார். எல்லா வகை மரணத்துக்கும் அவரிடம் புலம்பல் தயாராக இருந்தது. பெயரை மாற்றினால் போதும். உயிரோடு இருக்கிற சிலருக்கும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார் என்று ஒரு கதை உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

அத்தனையும் இருந்தது அந்த மடிக்கணினியில். அதுவோ கிழண்டிப்போயிருந்தது. அதை முடுக்கிவிட்டு, தேத்தண்ணி வைத்துக் குடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால்தான் திரை வெளிக்கும்.

"ஜஸ்ட் பை எ நியூ வன், அப்பா," என்றாள் மகள் வினுஷா.

"உதுக்கு ஒரு குறையும் இல்லை பிள்ளை. டிஸ்க்தான் கிழடு. எஸ்எஸ்டி எண்டு ஒண்டு போட்டால் குமரனாகிவிடுமாம்."

யூடியூபில் ஒரு மனிதர் அதைச் சிரித்துச் சிரித்துச் செய்து காட்டியிருந்தார். சுவிங்கம் அளவில் ஒரு புதுத் துண்டு. அதை உள்ளே செருகி அதில் விண்டோஸை ஏற்ற வேண்டும். பழைய டிஸ்க் பக்கத்திலேயே இருந்து கல்வெட்டுகளைக் காத்துக்கொண்டிருக்கும். கேட்கச் சுகமாக இருந்தது. மிஞ்சிய ஆணியைப் பற்றி அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை.

அரியரத்தினம் ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினார். திரை இருட்டாகவே இருந்தது. திரும்பக் கழற்றினார், ஊதினார், பூட்டினார். இந்த முறை வெளிச்சம் வந்தது. விண்டோஸை ஏற்றினார். இரண்டு கைதட்டலுக்குள் திரை திறந்தது. யோகாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் காட்டிய மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் பார்த்தால், பழைய டிஸ்க்கைக் காணவில்லை. கணினி அப்படி ஒன்று இருந்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

நல்லவேளையாக சச்சிதானந்தனின் தாயாருடைய கல்வெட்டு மட்டும் ஒரு யூஎஸ்பியில் தனியாக இருந்தது. அதுதான் அவசரம். கணினியின் புது வேகத்தில் மயங்கியிருந்த அரியரத்தினம், முதல் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, சரிபார்க்கச் சொல்லி அனுப்பிவைத்தார். சச்சிதானந்தன் உடனே கூப்பிட்டான்.

"அண்ணை, அம்மாவின்ர படம் வடிவா வந்திருக்கு. ஆனால் கீழை பேர் இருக்க வேண்டிய இடத்திலை இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும் கிடக்குது. தேவாரத்துக்குள்ளை டொலர் சைன் நிக்குது."

அரியரத்தினத்தின் தலைமுறை யாழ்ப்பாணத்தார் தட்டுவது பாமினி என்ற பழைய எழுத்தில். அந்த எழுத்து கணினியில் இல்லாவிட்டால் தமிழெல்லாம் உடைந்த ஆங்கிலமாகக் கொட்டுண்டு கிடக்கும். அது பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. அவர் இணையத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு தமிழ் எழுத்தை இறக்கிப் போட்டார். இப்போது தமிழ் மாதிரி ஏதோ வந்தது. அவசரத்தில் அதையும் அனுப்பினார்.

"அண்ணை, இது என்ன பாஷை? ஐயருக்குக் காட்டினன். சமஸ்கிருதமும் இல்லையாம்."

"நாளண்டைக்குத் தாறன் தம்பி. மெஷினிலை சின்னப் பிரச்சினை."

"அம்மா ஒரு பிழையும் விடாத மனிசி அண்ணை. கடைசியிலை இப்பிடிப் போகக் கூடாது."

அதற்குப் பிறகுதான் அரியரத்தினம் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். சுகிர்தனின் இலக்கத்தை அவர் அழித்திருக்கவில்லை.

சுகிர்தன் அவருடைய மருமகன், மருமகனாக இருந்தவன். ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பகுதியில் வேலை. ஆண் பிள்ளை இல்லாத அரியரத்தினத்துக்கு அவன் வந்து வாய்த்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து கிரிக்கெட் பார்ப்பான். கணினியைத் துப்புரவாக்குவான். அவர் எழுதிய புலம்பலைக் குரல் நடுங்க வாசிப்பான். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்பார்கள். செத்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

போன வருடம் வினுஷாவும் அவனும் பிரிந்தார்கள். அடிபிடி இல்லை, சத்தம் இல்லை. அவள் இரண்டு சூட்கேசோடு வந்து தன் பழைய அறைக்குள் போனாள். ஏனென்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. செத்தவருக்கு எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. பிரிந்துபோன மருமகனுக்கு என்ன செய்வது என்று ஒரு முறையும் இல்லை. கல்வெட்டில் மருமக்கள் வரிசையில் இப்படிப்பட்ட பெயரைப் போடுவதா விடுவதா என்று அடிபட்ட குடும்பங்களுக்கு, "இடைவெளி தெரியாமல் எடுத்துவிடலாம்" என்று அவரே நியாயம் சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டில் இடைவெளி தெரிந்துகொண்டே இருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவர் அழுததும் உண்டு.

"ஹலோ, அங்கிள்?" என்றான் சுகிர்தன்.

மாமா போய் அங்கிள் வந்துவிட்டது. நியாயம்தான். ஆனாலும் உடுப்புக் காயப்போடும் கம்பியை அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கரைச்சல் குடுக்கிறன். டிஸ்க் ஒண்டு காணாமல் போட்டுது."

"நாளைக்குச் சனிக்கிழமைதானே. கொண்டு வாங்கோ. நான் வீட்டிலைதான்."

யோகாவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். "பரமட்டாவிலை சீனியர் ஆக்களின்ர கூட்டம் ஒண்டு."

"கூட்டத்துக்கு லப்டொப் எதுக்கு?"

"குறிப்பு எடுக்க வேணுமாம்."

பரமட்டா ஸ்டேஷனுக்குப் பக்கத்து அடுக்குமாடியில் சுகிர்தன் தனியாக இருந்தான். வீட்டில் ஒரு மேசை, ஒரே ஒரு கதிரை. அவரைக் கதிரையில் இருத்திவிட்டு அவன் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து மடிக்கணினியைத் திறந்தான். மெலிந்திருந்தான். உள்ளே பார்த்தவன் நிமிர்ந்தான்.

"டிஸ்க் ஆடிக்கொண்டு கிடக்குது. இதைப் பிடிக்கிற ஆணி எங்கை, அங்கிள்?"

அரியரத்தினம் சட்டைப் பைக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். "மேலதிகம் எண்டு நினைச்சன்."

சுகிர்தன் சிரித்தான். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பழைய டிஸ்க் வந்தது, பாமினி வந்தது, சச்சிதானந்தனின் தாயாருக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது.

வாசலில் வைத்து, "அடுத்த கல்வெட்டு எப்ப, அங்கிள்?" என்று கேட்டான்.

"அது எங்கட கையிலை இல்லையே, தம்பி."

"ஓம் என்ன." கதவைப் பிடித்தபடியே நின்றான். "டிஸ்க் பழசு. திரும்பவும் கரைச்சல் குடுக்கும். குடுத்தால் யோசிக்காமல் எடுங்கோ."

சொன்னது போலவே அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் டிஸ்க் மறைந்தது. அரியரத்தினம் தான்தான் எதையோ தட்டிவிட்டதாக நம்பினார். தயங்கித் தயங்கி அழைத்தார். முதல் மணி முடிவதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

"என்ன மாமா, டிஸ்க்கைக் காணேல்லையோ?"

வாய் திறப்பதற்கு முன்பே பழுது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று வேறொருவர் யோசித்திருப்பார். அரியரத்தினத்தின் காதில் 'மாமா' என்ற சொல்லைத் தவிர வேறொன்றும் விழவில்லை.

இப்படியாக அது வழக்கமாகிப் போனது. சனிக்கிழமை அவனிடம் கொண்டுபோனால் சரியாகும், ஞாயிறு வேலை செய்யும், கிழமை நாட்களில் குதிரையாக ஓடும். வெள்ளி பின்னேரம் படுத்துவிடும். அரியரத்தினம் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார். வியாழக்கிழமையிலிருந்து அதைத் தொடாமல் விட்டார். சூடோ என்று நினைத்து மின்விசிறிக்கு நேரே வைத்தார். குளிரோ என்று நினைத்துத் துவாயால் போர்த்தினார். ஒரு வெள்ளி திருநீறும் பூசினார். அது விசைப்பலகைக்குள் போய் 'க' வர மறுத்தது. கந்தையா என்பவரின் கல்வெட்டு கையிலிருந்த நேரம் அது. அந்தச் சனிக்கிழமை சுகிர்தன் ஒரு மெல்லிய தூரிகையால் திருநீற்றைக் கிண்டி எடுத்தான். அதற்கே அரை நாள் போனது.

வீட்டிலும் பொய் வளர்ந்தது. சீனியர் ஆட்களுக்கென்று யோகா உளுந்து வடை சுட்டுக் கொடுக்கத் தொடங்கினாள்.

"எல்லாருக்கும் காணுமோ?"

"தாராளமாக் காணும்."

"காணாது. நீங்கள் வெக்கத்திலை சொல்லுறியள்."

அடுத்த முறை பெட்டி இரு மடங்கானது. வடைகளை இரண்டு பேரும் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. மாமியின் வடை என்று அவர் சொல்லவில்லை. முதல் கடியிலேயே சுகிர்தன் மெல்லுவதை நிறுத்திவிட்டு யன்னலைப் பார்த்தான்.

"கூட்டத்திலை என்ன சொன்னவை?" என்று யோகா கேட்பாள்.

"தலைவருக்கு நல்லாப் பிடிச்சுதாம்."

"நானும் ஒருக்கா வரட்டோ?"

"அது ஆம்பிளையளுக்கு மட்டும்."

"இந்த நாட்டிலை அப்பிடிக் கூட்டம் வைச்சால் பிடிச்சு உள்ளை போட்டிடுவாங்கள், கவனம்."

இதற்கிடையில் சுகிர்தன் வீட்டில் இரண்டாவது கதிரை வந்திருந்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது, கிரிக்கெட் வந்தது. கணினி வேலை முடிய அதிக நேரம் எடுக்காது; போகிற நேரந்தான் பிந்திப் பிந்திப் போனது. வினுஷாவைப் பற்றி அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரயிலில் திரும்பும்போது அரியரத்தினத்துக்கு நெஞ்சு நிறைந்திருக்கும், அதே நேரம் குற்றம் செய்தவர் மாதிரிக் கூசும். டிஸ்க் குணமாகிவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் அவர் கும்பிட்டது உண்மைதான். அந்த வேண்டுதலில் அழுத்தம் போதாது என்பது அவருக்கும் பிள்ளையாருக்கும் மட்டும் தெரியும்.

சிட்னியில் இன்னொரு தமிழனின் கண்ணில் படாமல் ஒரு தமிழன் ரயில் ஏற முடியாது. பரமட்டாவில் அவரைக் கண்ட சச்சிதானந்தனின் மனைவி கோயிலில் வைத்து வினுஷாவிடம் சொல்லிவிட்டாள். அன்று யோகா வெளியே போயிருந்த நேரம் பார்த்து வினுஷா அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அப்பா, சுகியிட்டையா போறீங்கள்?"

அரியரத்தினம் மேசை விரிப்பைத் தடவினார். "டிஸ்க் பழுது பிள்ளை. ஒவ்வொரு கிழமையும் காணாமல் போகுது. அவன்தான் செய்து தாறான்."

"ஐ'ம் நொட் ஆங்ரி. ஆனா அவன் எங்களை விட்டு வெளியிலை வரப் பாக்கிறான். ஹீ நீட்ஸ் டு மூவ் ஓன். நீங்கள் ஒவ்வொரு சனியும் போய் வாசல்லை நிண்டால் அவன் எப்பிடி வெளியிலை வாறது?"

"அவன் ஒண்டும் சொல்லேல்லையே."

"சொல்ல மாட்டான் அப்பா. ஹீஸ் டூ பொலைட். எனக்கே அவன் கடைசி வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை." அவள் கதிரையைப் பின்னால் தள்ளினாள். "விடுங்கோ அவனை. ப்ளீஸ்."

அவள் எழுந்து போன பிறகும் அவர் அங்கேயே இருந்தார். இப்போது எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை சுகிர்தன் வெளிக்கிட்டு, மணிக்கூடு கட்டி, எங்கோ போக இருந்தவன் போல நின்றான். அவரைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டான். இன்னொரு நாள் தொலைபேசி அடிக்க அடிக்க அதைக் கவிழ்த்து வைத்தான். யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கென்று ஒரு வாழ்க்கை வாசல் வரை வந்து, உள்ளே வடையும் கையுமாக ஒரு கிழவன் இருப்பதைக் கண்டு திரும்பிப் போயிருக்கிறது. தான் அந்தப் பிள்ளைக்குச் செய்துகொண்டிருப்பது அநியாயம் என்று அவர் முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. டிஸ்க் மறைந்தது. அவர் பின்வளவுக்குப் போனார்.

"என்ன மாமா, காணேல்லையோ?" குரலில் சிரிப்பு இருந்தது.

"ஓம் தம்பி. ஆனால் நாளைக்கு நான் வரேல்லை. பெண்டில் ஹில்லிலை ஒரு கடை இருக்காம். அங்கை குடுத்துப் பாக்கிறன். உமக்கு இனிக் கரைச்சல் தரமாட்டன்."

மறுபக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"கரைச்சல் எண்டு நான் சொல்லேல்லையே, மாமா."

"நீர் சொல்லமாட்டீர். அதுதான்."

"வினுஷா ஏதும்...?"

"ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. நீர் இளம்பிள்ளை. சனிக்கிழமையளிலை வெளியிலை போம், நாலு பேரைப் பாரும். கிழவன்ர மெஷினைக் கட்டி அழாதையும்."

"சரி, மாமா." பிறகு, "மாமியைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றான். சொன்ன உடனேயே, "சொல்லேலாது என்ன" என்று தானே திருத்திக்கொண்டு வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை யோகா மா அரைத்து வைத்திருந்தாள்.

"கூட்டத்தைக் கலைச்சாச்சு," என்றார் அரியரத்தினம்.

"ஏனாம்?"

"ஆக்கள் குறைஞ்சு போச்சுது."

சுட்ட வடையை அவரே தின்ன வேண்டியிருந்தது. ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை. நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிள்ளையை அவன் பாட்டில் வாழ விடுவதுதான் பாசம். பிடித்து வைத்திருப்பது தன்னலம். இந்த வரி நன்றாக இருக்கிறதே, எந்தக் கல்வெட்டுக்காவது உதவும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. வழக்கமாக வரும் சிரிப்பு வரவில்லை.

பெண்டில் ஹில் கடையில் ஸ்ருதி என்ற தமிழ்நாட்டுப் பெண் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததென்று செய்தி வந்ததும் அவர் போனார். அவள் மலர்ந்த முகத்தோடு கணினியைத் திறந்து காட்டினாள். பழைய டிஸ்க் இருந்தது. அத்தனை செத்தவர்களும் பத்திரமாக இருந்தார்கள்.

"டிஸ்க்கை மாத்தினீங்களோ, பிள்ளை?"

"இல்ல அங்கிள். டிஸ்க் நல்லாதான் இருக்கு."

"அப்ப கேபிள் பழுதோ?"

"எதுவுமே பழுதில்ல. ஆரம்பத்துலேருந்தே பழுதில்ல." அவள் கணினியை மூடி அவர் பக்கமாகத் தள்ளினாள். "ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் இந்த டிஸ்க்கை மறைச்சு வைக்கச் சொல்லி சுகின்னு யாரோ உள்ள எழுதி வச்சிருந்தாங்க அங்கிள், அதை அழிச்சுட்டேன், இனிமே நீங்க இதைத் தூக்கிக்கிட்டு யாரையும் தேடிப் போக வேண்டாம்."